ஓரகத்தி தூக்கிய கை

எங்கள் சாமை விவசாயிகள் குழுவில் ஒரு விதி உண்டு. எடுத்த முடிவை மறுபடி பேச வேண்டுமென்றால், அதற்கு ஆதரவாகக் கை தூக்கிய ஒருவர்தான் கேட்க வேண்டும். அதுவும் அடுத்த கூட்டத்திலேயே. தோற்றவர்கள் சும்மா பழசைக் கிளறக் கூடாதாம். விதியை வைத்தபோது நானும் நன்றாகத் தலையாட்டினேன்.

சாமை தீட்டும் மெஷினை எங்கே வைப்பது என்று கூட்டம் போட்டார்கள், சரியாகப் புளி உலுக்கும் சமயம் பார்த்து. மலைமேல் இருக்கும் எங்கள் மேலூர்ப் பெண்கள் பாதிப் பேர் புளிய மரத்தடியில் இருந்தார்கள். போளூர் வண்டி வந்து நிற்கும் கீழ் ரோட்டோரம்தான் வசதி என்றார்கள் ஆண்கள். யாருக்கு வசதி? உரலில் குத்திக் குத்திக் கை காய்த்தது எங்களுக்கு. இனி மூட்டையைச் சுமந்து மலையில் இறங்கி ஏறவும் வேண்டுமா? இந்த லட்சணத்தில் என் ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி, கடைசி நேரத்தில் அவர்கள் பக்கம் கை தூக்கினார். மெஷின் கீழ் ரோட்டோரம் என்றே முடிவானது. அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன்.

அடுத்த கூட்டத்துக்குப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தலைவர் உட்காருவதற்குள் நான் எழுந்தேன்.

"மெஷின் விஷயத்த மறுபடி எடுக்கணுங்க."

"நீ அன்னிக்கு வேணாம்னு சொன்னவ. விதி இன்னா சொல்லுது? உக்காரும்மா."

அழுகையே வந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் சரின்னு கை தூக்கினவதாங்க. நான் கேக்குறேன், மறுபடி எடுங்க."

திரும்பினால் என் ஓரகத்தி! தலைவர் திறந்த வாயை மூடவில்லை. வழிமொழிய யார் வேண்டுமானாலும் வரலாமே. நான் துள்ளி எழுந்த வேகத்தில் தண்ணீர்ச் சொம்பு உருண்டது. முதலில் மறுபடி பேசலாமா என்று ஓட்டு, பிறகு மெஷின் எங்கே என்று ஓட்டு. இரண்டிலும் எங்கள் கைகளே அதிகம். மெஷின் மேலூருக்கு! நாங்கள் போட்ட சத்தத்தில் தலைவர் கூட்டத்தை முடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது ஓரகத்தி சொன்னார்: "அன்னிக்கே தலைய எண்ணிட்டேன். எப்டியும் தோக்கப் போறோம். நம்மள்ல ஒருத்தி அந்தப் பக்கம் இருந்தாதான மறுபடி கேக்க முடியும்?"

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாக்கா?"

"சொல்லியிருந்தா பொழுது சாயறதுக்குள்ள மலை பூரா தெரிஞ்சிருக்கும்."

அது உண்மைதான் என்று தலையாட்டினேன்.

"ஆம்பளைங்க இன்னா பேசினாலும் தாங்கிக்கிட்டேன்டி. நீ என் வூட்டு வாசலத் தாண்டிப் போறப்போ மூஞ்சியத் திருப்பிக்கினு போனதுதான்…" என்றவர் முடிக்கவில்லை. நடுரோட்டில் அவரைக் கட்டிக்கொண்டேன்.