லைன் பிஸி

யுத்தம் முடிந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். மாம்புரியில் கோல் பேசவும் நெட் பார்க்கவும் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தேன். கடையில் இருந்தது ஒரேயொரு கம்பியில்லா சிடிஎம்ஏ போன். அதையே மோடமாக்கி, சீரியல் கேபிளால் கொம்பியூட்டரின் முதுகில் செருகினால்தான் நெட் வரும். செருகிவிட்டாலோ வெளியிலிருந்து ஒரு கோலும் வராது. உப்புக் காற்றில் கேபிள் பின்கள் துருப்பிடித்துப் படுத்திய பாடு வேறு!

அன்று வெள்ளிக்கிழமை. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் தெருவில் இருந்த அக்கா ஒருவர், நாங்கள் ராத்தா என்போம், நேரத்தோடேயே வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சவூதியில் வேலை செய்யும் மகன், அங்கே ஜும்மா தொழுகை முடிந்ததும், இங்கே மூன்று மணி போல, என் கடைக்குத்தான் கோல் எடுப்பான். போன கிழமை எடுக்கவில்லை. அவன் வேலைத்தளத்தில் ஏதோ விபத்து என்று யாரோ சொன்ன கதை வேறு. இங்கிருந்து நாங்கள் கோல் எடுக்க அவனிடம் சொந்தப் போனும் இல்லை. ராத்தாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை மூச்சு வாங்க ஓடி வந்தாள். கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, நெட்டில் பதிய அன்றுதான் கடைசி நாளாம். நாலு மணியோடு முடிந்துவிடுமாம். "ஒரு கோல் வரணும் மகள், கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவள் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள்.

"ஏன் தம்பி, இந்தப் புள்ள அழுவுது?" என்று ராத்தா கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் போனை என் பக்கம் நகர்த்தினார்.

"கேபிளச் செருகுங்க தம்பி. என்ட மகன அல்லாஹ் பாத்துக்குவான். நாலு மணிய யாரு புடிச்சு வைக்கிற?"

நெட் இரண்டு தரம் அறுந்தது. பின்களைத் துடைத்துத் துடைத்துச் செருகினேன். ஒருவழியாகப் பதிவு முடிந்தது. பிள்ளை ராத்தாவைக் கட்டிப்பிடித்து விம்மினாள். கேபிளைக் கழற்றிவிட்டு பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை காத்திருந்தோம். போன் அடிக்கவே இல்லை. அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளி போன் அடித்தது. மகனுக்கு ஒன்றுமில்லை, வேறு இடத்துக்கு மாற்றியதால்தான் முதல் வெள்ளி எடுக்க முடியவில்லையாம். "போன கிழமை எத்தன தரம் எடுத்தேன் உம்மா, வேலைக்குப் போகுமட்டும் லைன் பிஸி!" என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது.

ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஓம் மகன், உன்ட லைன்லதான் ஒரு புள்ள கெம்பஸ் போவப்போவுது."

இப்போது கைப்போனில் நெட்டும் பேச்சும் ஒன்றாகவே ஓடுகின்றன. ஆனாலும் எங்காவது லைன் பிஸி என்றால் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தப் பக்கம் யாருக்கோ ஒரு நல்லது நடக்கிறது என்றுதான் மனம் சொல்கிறது.