தேங்காப்பால் பேச்சி

கழக்கூட்டம் என்கிற ஊரில் எங்கள் சூப்பர் மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள் அவளைத் தேங்காப்பால்காரி என்றார்கள். நாங்கள் தேங்காப்பால் பேச்சி என்றோம். ஃபிரிட்ஜ் வரிசைக்கு முன்னால் பச்சை ஏப்ரன் கட்டிக்கொண்டு, தட்டில் குட்டிக் குட்டிக் காகிதக் கப்புகளை அடுக்கி, போகிற வருகிற எல்லாரையும் மறித்து நிற்பாள். கம்பெனி பாக்கெட்டில் அடைத்து விற்கும் தேங்காய்ப்பால் பானத்தை ஒரு வாய் குடிக்க வைத்து, ஒரு பாக்கெட்டாவது வாங்க வைக்க வேண்டும். அதுதான் வேலை.

"சேச்சீ, ஒந்நு ருசிச்சு நோக்கூ. பசுவின் பால் இல்லா, பஞ்சசார இல்லா, கொலஸ்ட்ரால் இல்லா, கலர் இல்லா."

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் பேசும் மலையாளம். பஞ்சசார என்றால் சர்க்கரை என்பதே வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் அவளுக்குத் தெரியும். கம்பெனி சூப்பர்வைசர் சபீனா சொல்லிக்கொடுத்த நான்கு 'இல்லா'க்களையும் ஒரே மூச்சில் சொல்வாள். அடுத்த மூச்சில் மறுபடியும் சொல்வாள். பில் போடும் கவுண்டரில் உட்கார்ந்து காலை முதல் சாயங்காலம் வரை நான் அதைக் கேட்டாக வேண்டும். என்னென்ன இல்லை என்று இத்தனை கூவுகிறாளே, என்னதான் இருக்கிறது என்று ஒருத்தராவது கேட்க வேண்டாமா? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் பெயர் நாகலக்ஷ்மி. கிழக்கேகோட்டை அக்ரஹாரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். பி.காம். படித்திருக்கிறேன், இங்கிலீஷ் வாசிப்பேன், கடையில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

பேச்சி வேலைக்கு வந்தபோது அவள் பிள்ளை அகிலுக்கு ஆறு மாதம். புருஷன் திரவியம் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலையில் கான்கிரீட் போடுகிறவன். அங்கேயே ஷெட்டில் தங்கி ஞாயிறன்று மட்டும் வருவான். பைபாஸுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்றில் இவள் குடியிருந்தாள். அடுத்த அறை உலகம்மாள் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் நாலைந்தை ஒன்றாகப் பார்த்துக்கொள்வாள். அவளிடம் அகிலை விட்டுவிட்டு வருவாள் பேச்சி. பத்து மணி நேரம் நின்றபடி வேலை. மார்பில் கட்டிய பாலைப் பாத்ரூமில் பீய்ச்சிக் கொட்டுவாள். ஒரு மாதத்தில் பால் வற்றிவிட்டது.

பசும்பால் கொடுத்தாள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்தது, வெளிக்குப் போகையில் ரத்தம் வந்தது. பசும்பால் ஒரு சொட்டும் கூடாது என்றார் டாக்டர். அதற்குப் பதிலாக, பசும்பால் சேராத பிள்ளைகளுக்கென்றே விற்கிற விலை கூடிய ஒரு பால்பவுடர் எழுதிக் கொடுத்தார். அந்த டின் ஒரு வாரம்கூட வராது. மூன்றாவது டின் வாங்க இவர்களால் முடியவில்லை.

அப்போதுதான் சபீனா தேதி முடியப்போகும் பாக்கெட்டுகளை, "நீ வீட்டுக்கு எடுத்தோ" என்று பேச்சிக்குத் தர ஆரம்பித்தாள். நல்ல மனதோடுதான் தந்தாள். பேச்சியின் கணக்கிலும் பிசகு இல்லை. பசும்பால் கூடாது என்று டாக்டர் சொன்னார். பசுவின் பால் இல்லை என்று பாக்கெட் சொல்கிறது. இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது?

இருந்தாலும் அவள் சும்மா கொடுத்துவிடவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கவுண்டரில் அனுமார் வால் மாதிரி வரிசை.

"எக்கா, அகிலுக்கு இதக் குடுக்கலாம்னு பாக்கேன். பின்னாடி என்னமோ பொடி எழுத்துல போட்டிருக்கு. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுதியளா?"

தள்ளுவண்டி நிறைய சாமானோடு நின்ற ஒருவர் வாட்சைப் பார்த்தார். நான் பாக்கெட்டைக் கையில் வாங்கினேன். முன்பக்கத்துப் பெரிய எழுத்துகளைப் பார்த்தேன். திருப்பவில்லை.

"முன்னாடி போட்டிருக்கறதுதாண்டி பின்னாடியும். எல்லாம் நல்லதுதான். தேங்காதானே, விஷமா?"

"செரிக்கா" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அன்று முதல் அகிலுக்கு அதுதான் பால். நேந்திரங்காய்ப் பொடியை அதில் காய்ச்சி, குறுக்கு என்று இங்கே கைக்குழந்தைகளுக்கு ஊட்டுவார்களே, அதையும் கொடுத்தாள். தடிப்பு மறைந்தது, ரத்தம் நின்றது. இரண்டு மாதத்தில் கன்னம் உப்பியது, புறங்கை பன் போல ஆனது. மொபைலில் போட்டோ காட்டினாள்.

"என்னடி இது, கொழுகொழுன்னு இருக்கானே! கண்ணு பட்டுடப் போறது, சுத்திப் போடு" என்றேன்.

அவள் பூரித்துப்போனாள். ஒரே மாதத்தில் அரைஞாண் கயிற்றை இரண்டு தரம் தளர்த்திக் கட்டினேன் என்று கடை முழுக்கச் சொன்னாள். அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். "வெயிட் நல்லோணம் உண்டு" என்றார்களாம். வாடிக்கையாளர்களுக்கும் போட்டோவைக் காட்டி, "என்றெ மோன், இதுதந்நெ குடிக்குந்நது" என்றாள். அந்த மாதம் அவள் விற்ற அளவுக்கு யாரும் விற்கவில்லை.

அப்புறம் பிள்ளை மந்தமானான். தவழ்ந்துகொண்டிருந்தவன் தவழவில்லை. சிரிப்பதில்லை, சும்மா முனகிக்கொண்டே கிடக்கிறான் என்றாள் உலகம்மாள். தலைமயிர் செம்பட்டையாகி, தடவினாலே கையோடு வந்தது. காலில் தோல் உரிந்தது. பேச்சிக்குக் காரணம் விளங்கிவிட்டது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். அவளோ பிள்ளையின் படத்தை ஊரெல்லாம் காட்டியிருந்தாள்.

மொபைலை மூடி வைத்தாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை, பொல்லாத கண் என்றாள். செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை தவறாமல் சுற்றினாள். நான் சிரிக்கவில்லை, எங்கள் தெருவிலும் சுற்றிப் போடுவார்கள். நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே அது. இப்படியே மூன்று வாரம் போயிற்று. பிள்ளை சோர்ந்துவிட்டான், தெம்பு வேண்டும் என்று பாலை மட்டும் கூட்டிக் கொடுத்தாள்.

ஒரு நாள் காலையில் அகிலால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் அவ்வளவு வீங்கியிருந்தன. அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள், மலையாளத்தில் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரியவில்லை என்று எனக்கு போன் செய்தாள். நான் போனேன்.

டாக்டர் ஆஷா சின்னப் பெண்தான். அகிலின் பாதத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

"இது தடியல்ல, நீராணு" என்றாள். சதை இல்லை, தண்ணீர். பிள்ளைக்குப் புரதமே போகவில்லை, மாதக்கணக்கில் போகவில்லை, உடம்பு தன்னையே தின்று தண்ணீரைக் கட்டி வைத்திருக்கிறது என்று சொல்லச் சொல்ல, நான் பேச்சிக்குத் தமிழில் சொன்னேன். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள் டாக்டர். பேச்சி பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அரை நிமிஷம் ஆகியிருக்காது. அந்த அரை நிமிஷம்தான் என்னிடம் அன்றைக்கு இல்லாமல் போயிற்று.

வைத்தியம் தொடங்கியதும் நீர் வடிய ஆரம்பித்தது. எடை குறையக் குறைய, நல்லதுதான் என்றார்கள். பேச்சி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் போயிற்று, கை போயிற்று, விலா எலும்பு ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. உள்ளே இத்தனை நாள் இருந்த பிள்ளை இவ்வளவுதான். ஆறாம் நாள் எடை பார்க்கத் தூக்கியபோது அரைஞாண் கயிறு இடுப்பிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள் நெஞ்சில் சளி கட்டியது. பதினோராம் நாள் காலையில் அகில் போய்விட்டான். திரவியம் விழிஞ்ஞத்திலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிட்டாள் பாவம், படிக்காதவள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நம்பவில்லையடா, அவள் கேட்டாள். படித்தவளைத் தேடி வந்து கேட்டாள். இதை நான் மனதுக்குள்தான் சொன்னேன்.

இருபது நாள் கழித்து ஏப்ரனைத் திருப்பிக் கொடுக்கப் பேச்சி வந்தாள். கடை அப்போதுதான் திறந்திருந்தது, கூட்டமில்லை. ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எக்கா, இன்னொரு வாட்டி இத வாசிச்சுச் சொல்லுதியளா?"

திருப்பினேன். தண்ணீர். தேங்காய்ப்பால் ஒன்பது சதவீதம். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு மாவுப்பொருள். கெட்டியாக நிற்க இரண்டு பொருள்கள், நம்பர் மட்டும் போட்டிருந்தது. உப்பு. வாசனை.

"புரதம்னு டாக்டரம்மா சொன்னாவளே, அது எம்புட்டு?"

"நூறு மில்லிக்குப் புள்ளி மூணு கிராம்."

"பசும்பால்ல?"

"மூணுக்கு மேலே."

விரலை மடக்கி எண்ணினாள். "அப்பம் பத்துப் பாக்கெட் குடிச்சிருந்தாத்தான் ஒரு பாக்கெட் பால். பிள்ள வயிறு எம்புட்டுக்கா பிடிக்கும்?"

நான் பாக்கெட்டைக் கண்ணருகே கொண்டுபோனேன். பார்கோடுக்கு அடியில், எறும்பு வரிசை மாதிரி இன்னொரு வரி இருந்தது.

"அதுல என்ன போட்டிருக்கு?"

"கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்கோ பால்பவுடருக்கோ பதிலா இதைக் கொடுக்கக் கூடாதுன்னு."

ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பாக்கெட்டின் அந்தக் கோடுகளை மெஷினுக்குக் காட்டுகிறவள் நான். கோட்டுக்கு அடியில் இருந்த எழுத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அன்னைக்கும் நீங்க இதெல்லாம் வாசிச்சுத்தானக்கா சொல்லிருப்பிய" என்றாள் பேச்சி. "எனக்குத்தான் மண்டையில ஏறல. ஒரே கூட்டமா இருந்துச்சுல்லா."

வாசிக்கலைடி, திருப்பிக்கூடப் பார்க்கலைடி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமாண்டி, கூட்டம்தான்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போனாள். விழிஞ்ஞம் பக்கம் எங்கோ இருக்கிறார்கள் என்று கேள்வி. இன்னமும் தன் தலையைத்தான் நொந்துகொண்டிருப்பாள்.