தங்கை தந்த மெழுகுதிரி

ஈஸ்டர் காலையில் மட்டக்களப்பு மாதா கோயிலில் என் தங்கையின் மகளுக்கு ஞானஸ்நானம். பிள்ளைக்காக வாக்குக் கொடுக்கும் ஞானத்தகப்பன் நான். எனக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் அதன்பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை. அறுவடை மெசினோடு ஊர் மாறித் திரியும் நானும் அப்படிப் போய்விடுவேனோ என்று தங்கைக்குப் பயம்.

சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சுவாமியார் கேட்டார். சொன்ன சொல்லில் நின்ற பழக்கம் இல்லாத நான் குனிந்து பிள்ளையைப் பார்த்தேன்.

"வாயத் திறங்க அண்ணா. பிள்ளைக்குக் கதைக்கத் தெரியாதுதானே" என்று தங்கை இடித்தாள்.

அதற்குள் கோயிலே ஒன்றாக "விட்டுவிடுகிறோம்" என்றது. ஈஸ்டரில் எல்லோரும் தங்கள் ஞானஸ்நான வாக்கைப் புதுப்பிப்பது வழக்கம். அந்தச் சத்தத்தோடு நானும் சொல்லிவிட்டேன். பேசத் தெரியாத காலத்தில் எனக்காகவும் இப்படி ஒரு கோயில் நிறையப் பேர் பதில் சொல்லியிருப்பார்கள். என் ஞானத்தகப்பன் போனதோடு எல்லாம் போய்விடவில்லை.

தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டது.

பூசை முடிந்ததும், வழக்கமாகப் பெற்றோரே வைத்துக்கொள்ளும் பிள்ளையின் ஞானஸ்நான மெழுகுதிரியைத் தங்கை என் பையில் செருகினாள்.

"அடுத்த ஈஸ்டருக்கு இதத்தான் கொளுத்தப் போறம். கொண்டு வாங்க."

"உருகிப் போனா?"

"உருகினதோட வாங்க."

மெசின் நிற்கும் வெல்லாவெளிக்குப் போகும் பஸ்ஸில், வெயில் படாத பக்கமாகப் பார்த்து, பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன்.