அம்மாவின் இலையில் வைக்காமல் விட்டது

எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகள் அனைவருக்கும் எங்கள் வணக்கம். மூத்தவள் என்பதால் எழுதும் பொறுப்பைத் தம்பியும் தங்கையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். தையல் கடையில் துணி வெட்டும் கை இது; பேனாவுக்குப் பழக்கமில்லை. அம்மாவின் பெருமைகளை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வெட்கம்தான் முன்னால் வந்து நின்றது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அம்மா அக்கரபத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தார். பள்ளிக்கூடம் பாதியில் நின்று, கொழுந்துக் கூடை தலைக்கு ஏறியது. அப்பாவைக் கட்டிக்கொண்டு தலவாக்கலைப் பக்கம் வந்தார். நாங்கள் மூவரும் பிறந்த பிறகு, ஒரு மழை நாளில் மலையில் சறுக்கி விழுந்த அப்பாவின் இடுப்பு அதன் பின் நிமிரவே இல்லை. அம்மாவின் ஒற்றைப் பேருக்குக் கிடைக்கும் நாட்கூலியில் ஐந்து வயிறு நிறையாது என்று தெரிந்தபோது, எங்களை அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு, அம்மா சைப்ரஸ் நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். அப்போது தங்கைக்குப் பால் பல்கூட விழவில்லை.

அங்கே படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்வதும், அந்த வீட்டுக்குச் சமைப்பதும் அம்மாவின் வேலை. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். இடையிடையே லீவில் வருவார். வரும்போதெல்லாம் பெட்டி நிறையச் சாமான் இருக்கும், அம்மாவின் முகத்தில் மட்டும் களைப்பு இருக்கும். லயத்து ஒற்றை அறைக் காம்பிராவை விட்டுச் சொந்த வீட்டுக்கு நாங்கள் வந்தது அம்மாவின் உழைப்பில்தான். என் தையல் மெஷினும் தம்பியின் ஆட்டோவும் அப்படி வந்தவையே. அப்பா இறந்தபோது அம்மாவால் வர முடியவில்லை. போன் வழியாகத்தான் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தங்கைக்கு இறம்பொடையில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவைத்தபின்தான் அம்மா நிரந்தரமாக வீடு திரும்பினார்.

வந்தவருக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தன. மாதம் ஒரு முறை நுவரெலியாவில் கிளினிக். விடியற்காலை பஸ்ஸில் போனால் பொழுது சாயத்தான் வருவார். கிளினிக்கில் அவ்வளவு சனம் என்று நாங்களும் ஊரெல்லாம் சொல்லிக் குறைபட்டோம். வீட்டில் அம்மா உப்பே இல்லாமல் சாப்பிட்டார். எங்கள் அம்மாவைப்போல் பத்தியம் காக்க ஆள் இல்லை என்று எனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமை எவ்வளவு அசட்டுத்தனம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் காலை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். சில நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்து, யாரையும் தொல்லைப்படுத்தாமல் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் படைப்பது நம் வழக்கம். முந்தின நாளே, அம்மாவின் தம்பியான எங்கள் மாமா எங்கள் மூவரையும் கூப்பிட்டு, அக்காவுக்கு என்னென்ன பிடிக்கும் என்று கேட்டார். தம்பி கோழிக் குழம்பு என்றான். தங்கை பால்சோறு என்றாள். நான் கருவாட்டுத் தீயலும் ரொட்டியும் என்றேன். மூன்றும் சமைத்து இலையில் வைத்து, விளக்கேற்றி, எல்லோரும் கும்பிட நின்றபோதுதான் மாமா இலையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இதெல்லாம் நீங்க திங்கிறதுடா. அக்கா செஞ்சு போட, நீங்க தின்னது. அவ என்ன திம்பா, அதைச் சொல்லுங்க."

மாமா சொன்னது அப்பட்டமான உண்மை. கோழிக் குழம்பு தம்பிக்கு, பால்சோறு தங்கைக்கு, கருவாடு எனக்கு. லீவில் வரும்போதெல்லாம் அம்மா அவற்றை ஆக்கி, நாங்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று மாமா முணுமுணுத்தது, நின்ற எல்லோருக்கும் கேட்டது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மேரி சின்னம்மா எழுந்தார். நானுஓயாவைச் சேர்ந்தவர், அம்மாவோடு சைப்ரஸில் இருந்தவர். அவளுக்கு ஹலூமி சீஸும் ஒலிவ் காயும் என்றால் உயிர், அதை வைக்க வேண்டும் என்று சொன்னார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கம்மா என்ன தொரசாணியா? கொழுந்து பறிச்சவங்க இலையில சீஸ் வைக்கச் சொல்றீங்களே சின்னம்மா."

சின்னம்மா உட்கார்ந்துவிட்டார். தம்பியை அடக்கியிருக்க வேண்டியவள் நான்தான். எனக்கு அப்போது சின்னம்மாமேல்தான் கோபம், சபையில் எங்களைத் தலைகுனிய வைத்துவிட்டாரே என்று. எங்கள் மூவரின் விருப்பத்தை அம்மாவின் விருப்பம் என்று படைத்து, கற்பூரம் காட்டி முடித்தோம்.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் போல் பொறுத்துப் பார்த்துவிட்டு நானுஓயாவுக்குப் போய்ச் சின்னம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல், ஒரு சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கிளம்பு என்றார். ஸ்டேஷனுக்கு வெளியே வேன் ஏறி நுவரெலியா போனோம். போகும் வழியில்தான் அம்மாவின் கிளினிக் நாட்கள் எப்படிக் கழிந்தன என்று சொன்னார்.

மருந்து வாங்கியதும் அம்மா சின்னம்மாவுக்குப் போன் எடுப்பாராம். இரண்டு பேரும் டவுனில் சேர்ந்துகொண்டு சைப்ரஸ் சாப்பாடு தேடி அலைவார்களாம். நாட்டுக்குத் திரும்பிய புதிதில் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. சுற்றுலா வேன் ஓட்டும் பையன்களிடம், வெள்ளைக்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் காவலாளி மறித்து, வேலைக்கு வந்திருந்தால் பின்பக்கமாகப் போங்கள் என்றிருக்கிறான். நாங்கள் சாப்பிட வந்தோம் என்று சொல்ல இரண்டு பேருக்கும் நா எழவில்லை. திரும்பி வந்து பஸ் ஏறியிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது சின்னம்மா வேன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்காக அவர்கள் விட்டுவிடவில்லை. சூப்பர் மார்க்கெட் குளிர்ப்பெட்டியில் இருந்த சீஸ் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். சட்டியில் போட்டால் மற்றதெல்லாம் உருகி ஓடிவிடுமாம். ஹலூமி மட்டும் உருகாது. வெளியே சிவந்து, உள்ளே அப்படியே நிற்கும், கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும். கடைசியில் அது கண்டியில் ஒரு கடையில் அகப்பட்டது. ஒலிவ் காய் போத்தலில் கிடைத்தது, ஆனால் அதில் வினாகிரிப் புளிப்பு வாடை அடிக்குமாம். அங்கே அம்மா வேலை செய்த வீட்டில் கல்லால் தட்டி, எலுமிச்சையும் கொத்தமல்லி விதையும் போட்டு ஊறவைப்பார்களாம். அம்மா போத்தல் காயைக் கழுவி, அதே மாதிரி தானே ஊறவைத்து, சின்னம்மா வீட்டு அலுமாரியில் வைத்திருந்தார். எங்கள் வீட்டு அலுமாரியில் வைக்கவில்லை.

சின்னம்மா என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனது ஒரு சந்துக்குள் இருந்த சின்ன பேக்கரிக்கு. இத்தாலியில் வேலை செய்துவிட்டு வந்த ஒரு சிங்களப் பெண்மணி நடத்துகிறார்; எல்லோருக்கும் அவர் நோனா. தடித்த ஓடு போட்ட பாண் ரொட்டி, எண்ணெய் தடவிய தட்டை ரொட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னும் என்னென்னவோ. தரை பளபளவென்று இருந்ததால் நான் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். உள்ளே இருந்த வெளிநாட்டுக்காரர்கள் என் காலைப் பார்த்தார்கள். வெட்கத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்னம்மா குனிந்து செருப்பை எடுத்து என் கையில் தந்தார்.

"போட்டுக்க. ஒங்கம்மா செருப்போடதான் வருவா. இந்தா, இந்த நாக்காலியில கால்மேல கால் போட்டு ஒக்காருவா."

அம்மா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததே குறைவு. அடுப்படிப் பலகைதான் அவருக்கு. நோனாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது, முகம் அப்படியே அம்மாவாம். அம்மா கொண்டுவரும் சீஸை இவர்தான் அடுப்பில் வாட்டிக் கொடுப்பார். சிவந்த சதையில் நீர் சொட்டும் வத்தகப்பழம் வரும் காலத்தில் அம்மா பழமும் கொண்டுவந்து, சுட்ட சீஸோடு சேர்த்துத் தின்பார். நோனாவுக்கும் ஒரு துண்டு கொடுப்பார். அம்மா வராமல் போனதும் காரணம் தெரியாமல் நோனா காத்திருந்திருக்கிறார். நான் செய்தி சொன்னதும் அவர் அழுதார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குத் தெரிந்த அம்மாவை எனக்குத் தெரியவில்லையே என்று எனக்குப் பொறாமையாகவும் அவமானமாகவும் இருந்தது.

பிறகு ஏரிப்பக்கம் போனோம். சுட்ட கோழியைத் தட்டை ரொட்டியில் சுற்றித் தருகிற ஒரு சின்னக் கடை. சைப்ரஸில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அம்மாவுக்கு விடுமுறை. அன்று தெருக்கடையில் இதுபோல ஒன்றை வாங்கி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தின்பாராம். வாரம் முழுவதும் மற்றவர் தின்ற பிறகு நின்றுகொண்டு தின்றவருக்கு, உட்கார்ந்து, சூடாக, தனக்கென்று வாங்கித் தின்ற சாப்பாடு அது ஒன்றுதான். ஏரிக்கரையில் முதன்முதல் அதைக் கையில் வாங்கியபோது, ருசி வேறுதான், சூடு அதேதான் என்றாராம்.

வீட்டில் சொல்லியிருந்தால் என்ன, ஏன் இப்படி ஒளித்தார் என்று நான் சின்னம்மாவிடம் கேட்டேன். வீட்டில் உப்பைத் தள்ளிவைத்ததும் இதற்காகத்தான், அந்த ஒரு துண்டு உப்புச் சீஸுக்கு இடம் விட்டார் என்று அப்போதுதான் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளைங்களுக்கு வாங்கியே பழகுன கை. தனக்குன்னு வாங்கித் திங்க அவளுக்கு வெக்கம். நீங்க சிரிச்சிருவீங்களோன்னு பயம் வேற."

அந்தப் பயம் வீண் பயம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கருமாதியன்று நாம் சிரித்தோமே.

திவசம் நெருங்கியபோது, இந்த முறை இலையில் அம்மாவின் சாப்பாட்டை வைக்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். சம்பந்தி வீட்டார் வருவார்கள், ஊர் வாய்க்கு நாமே அவல் போடுவதா என்று அவன் ஒரேயடியாக மறுத்தான். அப்பாவின் இலையில் சாராயமும் சுருட்டும் வைத்தபோது எவரும் சிரிக்கவில்லையே என்று கேட்டேன். அதற்கும் அவன் சம்மதிக்கவில்லை. நான் சின்னம்மா வீட்டிலிருந்து ஒரு துண்டு ஹலூமி வாங்கி வந்து, வாட்டி, அவன்முன் வைத்தேன். துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாயில் போட்டான்.

"உப்பாருக்கு," என்றான். மென்று விழுங்கிவிட்டு, "கேட்டிருந்தா நான் வாங்கித் தந்திருக்க மாட்டேனா அக்கா?" என்றான்.

"கேட்டிருந்தா நாம சிரிச்சிருப்போம்டா."

அவன் எழுந்து கை கழுவப் போனான். போனவன் வெகுநேரம் வரவில்லை. மறுநாள் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போய்விட்டு வந்தான். எதற்குப் போனான் என்று குளிர்ப்பெட்டியைத் திறந்தபோது தெரிந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கூட இருந்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும், எங்களை வளர்த்த அத்தைக்கும், சபையில் உண்மையைக் கேட்ட மாமாவுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அம்மாவுக்கு அடுப்புத் தந்த பேக்கரி நோனாவுக்கும் நன்றி. மேரி சின்னம்மாவுக்கு நன்றி என்று சொன்னால் போதாது. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நாங்கள் மூவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படைத்ததை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுப்போம். வெள்ளையாக, சதுரமாக ஒரு துண்டு வரும். பச்சைக் காய் ஒன்றும் வத்தகப்பழக் கீற்றும் வரும். பிடிக்காவிட்டால் இலையில் ஒதுக்கிவிடுங்கள், குறையில்லை. முகத்தை மட்டும் சுளிக்காதீர்கள், சிரிக்காதீர்கள். எங்கள் அம்மா தனக்குப் பிடித்ததை இத்தனை காலம் ஒளிந்து ஒளிந்து தின்றார். இன்று ஒரு நாளாவது நம் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.