உயிரோடு இருந்தவருக்கு அடித்த மணி

பெரியம்மாவின் எல்லாச் சேலையிலும் வாழைக்கறை இருக்கும். அவர் துவைத்துக் கஞ்சி போட்ட வேதக்கோயில் பீடத் துணியில் ஒரு பொட்டுக்கூட இருக்காது. "கறை எனக்கு, வெள்ளை சாமிக்கு" என்பார். தொட்டியம் பக்கம், காவிரிக் கரையில் வாழை விவசாயம். காலையில் தோட்டம், அதை விட்டால் கோயில். கூட்டுவது, துவைப்பது, மூன்று வேளையும் ஜெப மணி அடிப்பது எல்லாம் அவர்தான், கூலி கிடையாது. யாராவது இறந்தால் சாவு மணியும் அவர் கைதான். ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு அடி. அதைக் கேட்டால் ஊரே போட்டது போட்டபடி ஓடி வரும்.

செல்போன் இல்லாத காலம். ஓர் ஆடி மாதம், என் கல்யாணப் பத்திரிகையோடு மன்னார்புரத்திலிருந்து போயிருந்தேன். பெரியப்பா ஆற்றுக்கு நடுவே இருந்த படுகையில் வாழைத்தார் வெட்டப் போயிருந்தார். தம்பதியாக நிற்கவைத்துக் கொடுக்கலாமே என்று காத்திருந்தேன். மதிய மணி அடிக்கக் கிளம்பிய பெரியம்மாவோடு நானும் நடந்தேன். கோயில் வாசலில் ஆற்றைத் திரும்பிப் பார்த்தவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். காலையில் முழங்காலளவு இருந்த தண்ணீர் செக்கச் செவேலென்று புரண்டு வந்தது. படுகையில் பாதியைக் காணோம். மிச்சத்தில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெரியப்பா நின்றார்.

பெரியம்மா ஓடிப்போய் மணியை விடாமல் அடித்தார். வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள், சிலுவை போட்டுக்கொண்டார்கள், மறுபடி குனிந்துகொண்டார்கள். மதிய மணி என்று நினைத்துவிட்டார்கள்! நான் கத்தினேன், ஆற்று இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி பெரியம்மா ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு ஒரு அடி. இடைவெளி. இன்னொரு அடி. சாவு மணி.

வயல் காலியானது.

"அக்கா, யாரு போனது?" என்று மூச்சிரைக்க வந்தார், சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்தும் உபதேசியார்.

"யாரும் போகல. போக விட்டுடாதீங்க!" ஆற்றைக் காட்டிய பெரியம்மா, இடுப்பில் செருகியிருந்த கத்தியால் மணிக்கயிற்றை அறுத்து அவர் கையில் போட்டார். "நம்ம தோட்டத்துல எத்தனை மரம் வேணுமோ வெட்டுங்க."

குலை தள்ளிய வாழைகளைச் சாய்த்து, அந்தக் கயிற்றாலேயே தெப்பம் கட்டி, நாலு பேர் போய்ப் பெரியப்பாவைக் கரை சேர்த்தார்கள். பல் கிட்டிக்கொண்ட நடுக்கத்திலும், "எனக்கா அடிச்ச? கேட்டுக்கிட்டேதான்டி நின்னேன்" என்றார்.

"உயிரோட இருக்கறவருக்கு அடிச்சிட்டீங்களேக்கா," என்றார் உபதேசியார். "இனிமே நெசமா அடிச்சா ஊரு நம்புமா?"

பெரியம்மா புதுக் கயிறு வாங்கிக் கட்டிக்கொடுத்தார். அதை ஒருநாளும் தொடவில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை, அவராகவே விட்டுவிட்டார். பெரியப்பா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்து, கிழவராகிக் கட்டிலில்தான் போனார்.

பெரியம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. இன்றும் பூசைக்கு முதல் ஆள். சாமியாரிடம் பாவம் சொல்லி மன்னிப்புக் கேட்க வாராவாரம் போகிறார். போன மாதம் பார்த்தபோது, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "பெரியம்மா, அந்த மணி அடிச்சதை அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அது மட்டும் சொல்லல தம்பி. சொன்னா, 'இனிமே செய்ய மாட்டேன்'னு வாக்குக் குடுக்கணும்ல? கோயில்ல போய் என்னையப் பொய் சொல்லச் சொல்றியா?"