மசாலா பாக்கெட்டில் ஒரு பார்கோடு

சிங்கப்பூரிலிருந்து வந்தவர் ஒரு வாய் டீகூட வேண்டாம் என்றார். எனக்கு அங்கேயே சந்தேகம் ஆரம்பித்துவிட்டது.

வயிறு சரியில்லையாம். வயிறு சரியில்லாதவர் எதற்கு விமானம் ஏறி யாங்கோன் வரை வர வேண்டும்? வந்தவர் எதற்கு வேகாத வெயிலில் எங்கள் பசுந்தாங் பேட்டையில் மூன்று மாடி ஏற வேண்டும்? அப்படி என்ன அவசரம்... யாருக்கு அவசரம்?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். பால்காரர் சிரித்தால் பாலை முகர்ந்து பார்க்கிற ஆள் நான். இதில் என் தப்பு பாதிதான். மீதி இந்த ஊரின் தப்பு. டாலர் நோட்டில் ஒரு மடிப்பு இருந்தால் வாங்க மறுக்கிற ஊர் இது. மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவோம். பஸ் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால், ஏதோ விபரீதம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

அது ஹமீது பாய் வீடு. மசாலா அரைத்து விற்கிறவர். கீழே மில், மூன்றாவது மாடியில் குடித்தனம். பாயின் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். மருமகன் அங்கே ஒரு மளிகைக் கடை நடத்துகிறார். வேலைக்குப் போயிருக்கிற நம் பர்மாக்காரர்கள்தான் வாடிக்கை. பாயின் மட்டன் மசாலா, பர்மாக்காரர்கள் விரும்பித் தின்கிற ஊறவைத்த தேயிலை, கருவாடு எல்லாம் இங்கிருந்து போகிறது. இப்போது சிங்கப்பூரில் அந்தக் கடை இருக்கிற கட்டடத்திலேயே அதே சாமான்களோடு இன்னும் மூன்று கடைகள் வந்துவிட்டன. மருமகனுக்குத் தூக்கம் போய்விட்டது.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மொபைல் போனில் ஏற்றுகிற ஒரு ஷாப்பிங் புரோகிராம். 'ஆப்' என்கிறார்கள். வீட்டில் மசாலா தீர்ந்துபோனால் காலிப் பாக்கெட்டைப் போன் கேமராவுக்குக் காட்ட வேண்டும். பாக்கெட்டில் உள்ள கறுப்புக் கோடுகளை, அதாவது பார்கோடை, போன் படிக்கும். ஆர்டர் கடைக்குப் போகும். மறுநாள் வீட்டு வாசலில் மசாலா!

கோடுகளைப் படிக்கிற வித்தை மட்டும் மருமகனிடம் இல்லை. அது ஒரு சிங்கப்பூர்க் கம்பெனியின் சொத்து. விற்கமாட்டார்கள், லைசென்ஸ்தான் கொடுப்பார்கள். கடை பாயின் பெயரிலும் இருப்பதால் பாயும் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்த பிரகாஷ் என்கிற கம்பெனி ஆள், நம் சாமான்களைச் சோதித்துவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போவார். ஏற்பாடு இதுதான். "இது வந்தாதான் வாப்பா, கடை நிக்கும்" என்று மகள் போனில் அழுதிருக்கிறாள்.

மூன்று நாளைக்கு முன்னால், கீழ்வீட்டில் இருக்கிற எனக்கு ஒப்பந்தம் கயிற்றில் இறங்கி வந்தது. எங்கள் அடுக்குமாடி வீடுகளில் பால்கனிக்குப் பால்கனி ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பர், சாவி, மருந்து எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். மேலேயிருந்து பாய் கத்தினார்.

"ஸயா, இங்கிலீசு காயிதம்! படிச்சுப் பாத்து எந்த எடத்துல ஏமாத்துறாங்கன்னு மட்டும் சொல்லுங்க!"

'ஸயா' என்றால் பர்மிய மொழியில் வாத்தியார். எழுதுகிறவன் எவனாக இருந்தாலும் இங்கே ஸயாதான்.

பதினான்கு பக்கம். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பதினோரு இடத்தில் கோடு போட்டேன். 'இது விற்பனை அல்ல, உபயோகிக்க அனுமதி மட்டுமே.' சட்டையை விற்கமாட்டேன், போட்டுக்கொள்ள மட்டும் விடுவேன் என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா? 'உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கூடாது.' ஏன் பார்க்கக் கூடாது? அப்படி என்ன இருக்கிறது உள்ளே?

டீ வேண்டாம் என்ற அந்தப் பிரகாஷுக்கு முப்பது வயது இருக்கும். பதினோரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். முகம் சுளிக்கவே இல்லை. இவ்வளவு பொறுமை எதற்கு என்று எனக்கு அதுவும் உறுத்தியது.

"சரி அங்கிள், செஞ்சே காட்டறேன்" என்று போனை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கீழே மில் நின்றது. வெளிச்சம் வேண்டும் என்று எல்லோரும் பால்கனிக்கு வந்தோம்.

பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, கேமராவுக்கு நேரே பிடித்தார். பீப். பெயர், எடை, சிங்கப்பூர் விலை, படம் எல்லாம் திரையில் வந்தன.

அவர் கொண்டுவந்த பாக்கெட், அவர் போன். இதை நம்புவதற்கு நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? "இங்கே நெட்வொர்க்கே கிடையாதே, எப்படி வருது?" என்றேன். பட்டியல் முழுவதும் போனுக்குள்ளேயே இருக்கிறதாம். நேராகப் பாயின் சமையலறைக்குப் போய், பாதி தீர்ந்த தாய்லாந்து மீன் சாஸ் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினேன்.

பீப். மீன் சாஸ்.

பாயின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப நம்ம சாமான வைங்க தம்பி!" என்று தன் மட்டன் மசாலாப் பாக்கெட்டைத் தட்டி நீவி, இரண்டு கையாலும் போன் முன்னால் பிடித்தார்.

பீப்.

பிரகாஷ் திரையைப் பார்த்தார். போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னா தம்பி?"

"ஒண்ணுமில்ல அங்கிள்... ஏதோ மிஸ்டேக்."

"காட்டுங்க" என்றேன் நான். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு.

காட்டினார். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு பழுப்பு நாய். கீழே எழுத்து: நாய் பிஸ்கட், இரண்டு கிலோ.

"அமலே!" என்றார் பாய். பர்மாக்காரர்கள் அம்மாவைக் கூப்பிடுகிற கூப்பாடு அது. கதவோரம் நின்ற அவர் மனைவி ஜைனம்பு அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "எம் மட்டன் மசாலா நாய் தீனியா? இந்த ஊருல எத்தினி நிக்கா பிரியாணி எம் மசாலாவுல வெந்திருக்கு தெரியுமா!"

பிரகாஷ் பதறிப்போய் பக்கத்தில் கிடந்த ஊறவைத்த தேயிலைப் பாக்கெட்டைக் காட்டிப் பார்த்தார். வேறு கம்பெனிச் சரக்கு அது. நாய். மெழுகுவத்திப் பாக்கெட்டைக் காட்டினார். அதே நாய்.

"பாத்தீங்களா ஸயா! இந்தப் போனுக்கு நாயத் தவிர ஒண்ணுமே தெரியல!"

மீன் சாஸ் தெரிந்ததே? பாக்கெட்டை வாங்கி, கோடுகளைக் குனிந்து பார்த்தேன்.

"அங்கிள், மூணு பாக்கெட்லயும் ஒரே நம்பர்" என்றார் பிரகாஷ். "இந்த நம்பரை உங்களுக்கு யார் குடுத்தாங்க?"

"நம்பரா? அது டிசைன்தானே தம்பி! வெளிநாட்டுச் சாமான்ல எல்லாம் இருக்குமே, அந்த டிசைன்!"

யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். நான்தான்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். பாய் முதல்முதலாக அச்சடித்த பாக்கெட் போட்டபோது என்னிடம் வந்தார். "வெளிநாட்டுப் பாக்கெட்ல என்னென்ன இருக்கோ, அதெல்லாம் இதுலயும் இருக்கணும் ஸயா" என்றார். நானும் உற்சாகமாக இறங்கினேன். பான்சோடான் தெருவில் பழைய புத்தகம் வாங்கியபோது, புத்தகம் மடங்காமல் இருக்க ஓர் அட்டைத் துண்டு வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். அதில் அழகாக ஒரு பார்கோடு. பிளேடால் வெட்டினேன், ஒட்டினேன், பிரஸ்ஸில் கொடுத்தேன். எந்தப் பெட்டியின் அட்டை என்று யார் பார்த்தது? பிரஸ்காரருக்கும் கோடுகள் ரொம்பப் பிடித்துப்போய், கேட்டவர்களுக்கெல்லாம் அதையே போட்டுக் கொடுத்திருக்கிறார். தேயிலைக்கு, மெழுகுவத்திக்கு... இன்னும் எதற்கெல்லாமோ. மருமகன் கடையில் இன்னும் கையால்தான் பில் எழுதுகிறார்கள். அதனால் அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

பிரகாஷின் கண்ணில் இப்போது சந்தேகம். ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினார். "சாமான்ல உள்ள நம்பரெல்லாம் உங்க சொந்த நம்பர்னு நீங்க உறுதி குடுக்கறீங்க அங்கிள். இல்லேன்னா லைசென்ஸ் கேன்சல். கேஸ் வந்தா உங்க மருமகன்தான் பதில் சொல்லணும்."

அந்த வரியில் நான் சிவப்புக் கோடு போடவில்லை. அது எனக்கு ரொம்ப நியாயமான வரியாகப் பட்டிருந்தது.

"மிரட்டுறீங்களா?" என்றார் பாய். காகிதங்களை அடுக்கி நீட்டினார். "இதுக்குத்தான் ஸயாவக் கூட வச்சுக்கிட்டேன். நீங்க வந்ததுலேருந்து அவரு மொகமே சரியில்ல. போயிட்டு வாங்க தம்பி."

பிரகாஷ் காகிதங்களை வாங்கிக்கொண்டார். போனைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல் மாடிப்படி முடிகிற சத்தம் கேட்டது. இரண்டாவதும் கேட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு மகள் போன் செய்வாள், பாய் என்ன சொல்வார், அந்தக் கடை என்ன ஆகும் என்று எல்லாம் மனசில் ஓடியது.

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் இல்லேன்னா கையெழுத்துப் போட்டிருப்பேன் ஸயா. புள்ளைங்க பொழப்பக் காப்பாத்திட்டீங்க."

அந்தக் கையைத் தாங்க முடியவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"பாய், போன் பொய் சொல்லல. அந்தக் கோடு நான் வெட்டி ஒட்டினது."

அவருக்கு முதலில் புரியவில்லை. அட்டைத் துண்டுக் கதையைச் சொன்னேன். கையை விட்டுவிட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து, அறுபது வயதுத் தொண்டை கிழியக் கத்தினார். "தம்பி! பிரகாசுத் தம்பி! தப்பு எங்க பேருலதான்! மேல வாங்க!"

டாக்ஸியில் ஒரு கால் வைத்திருந்த மனிதர் திரும்பி மூன்று மாடி ஏறி வந்தார். நானாக இருந்தால் வந்திருக்கமாட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். ஒவ்வொரு சரக்குக்கும் சொந்த நம்பர் வாங்க எங்கே விண்ணப்பிக்க வேண்டும், புதுப் பாக்கெட் வரும் வரை கடையிலேயே என்ன ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். நம்பர் வந்த பிறகு கையெழுத்துப் போடலாம், லைசென்ஸ் எங்கேயும் ஓடிவிடாது என்றார். நான் சந்தேகப்பட்ட மனிதர், எங்களைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டியவர்.

அவர் போன பிறகு பாய் பாக்கெட்டைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸயா, இதுல நெசமானது எது?"

"உள்ள இருக்கற மசாலா பாய். அது ஒண்ணுதான் நீங்க செஞ்சது."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பாக்கெட்டின் மேல் மூலையில் அச்சாகியிருந்த தங்க மெடலின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்கேருந்து வெட்டுனது?"

"மறந்துபோச்சு பாய். புதுப் பாக்கெட்டுல அத எடுத்துடலாம்."

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

பாய்க்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... அந்த மெடலை வெட்டியது ஒரு பியர் பாட்டில் லேபிளிலிருந்து.