மினுங்கிய தோட்டாக் கூடு

தங்கராசு அண்ணே, சங்கச் செயலராக இருந்துகொண்டு நீங்கள் பொய் சொன்னீர்கள். நம் சங்கத்தில் சுடப் பழகிய தேன்மொழி துப்பாக்கியைத் துடைக்காததால்தான் அவள் கண் போனது என்றீர்கள். கண்ணைக் கெடுத்தவள் நான்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். போடியில் எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில், சுட்டபின் விழும் பித்தளைக் கூடுகளில் மறுபடி மருந்து நிரப்பத் தகுந்தவற்றைப் பொறுக்குவது என் பொறுப்பு. பிழைப்புக்கு ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறேன். வெளுத்த காய், வெடித்த காய் எதுவும் எனக்குத் தப்பாது. கூட்டின் வாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் என் நகம் சொல்லிவிடும். எட்டு வருடம்... அப்படி ஒரு விரிசல்கூடத் தப்பவில்லை. இந்தப் பெருமையை இன்றும் விடமாட்டேன்.

அதுதான் கெடுத்தது.

பழைய கூடுகள் கறுத்துக் கிடந்தன. ஏலக்காயைத் தேய்த்து மினுக்கினால்தானே ஏலத்தில் மதிப்பு? அதே புத்தியில் கூடுகளையும் தேய்த்தேன். தங்கம்போல் வந்தன.

"யக்கா, தோட்டாவுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறீகளா?" என்று சிரித்தாள் தேன்மொழி.

"சோலியப் பாருடி. சுட்டுட்டு வந்து பேசு."

பலமுறை சுட்டு அடிப்பக்கம் மெலிந்த கூட்டில் வெளியே ஒரு வளையம் தெரியும். உள்ளே வளைந்த கம்பியை விட்டு இழுத்தால் பள்ளம் தட்டும். நான் தேய்த்ததில் வளையம் மறைந்துவிட்டது. கம்பியை நான் எடுக்கவேயில்லை. காய் பொறுக்குகிறவள் காயை உடைத்தா பார்ப்பாள்? என் கண் போதும் என்று இருந்தேன்.

அன்று தேன்மொழி சுட்ட நாலாவது குண்டில் கூடு இரண்டாகப் பிரிந்தது. சூட்டுப்புகை பின்பக்கம் பீறிட்டு, அவள் போட்டிருந்த கண்ணாடியின் ஓரம் வழியாக வலது கண்ணில் அடித்தது.

உடைந்த துண்டை நீங்கள்தான் எடுத்தீர்கள், அண்ணே. "மூச்சு விடாத. சங்கத்து லைசென்சு போயிரும்" என்றீர்கள். லைசென்சுக்காகவா நான் வாயை மூடினேன்? என் கை தப்பு செய்தது என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்றுதான் மூடினேன்.

கவனமில்லாதவள் என்று அவளை நீக்கினீர்கள். தேவாரத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். "நான் தொடச்சுத்தானக்கா வச்சேன்?" என்று என்னையே கேட்டாள். ஆமாம் என்றேன். கூட்டைப் பற்றிப் பேசாமலே போடிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

இதைப் படித்தபின் அவள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

நீங்கள் மட்டும் தப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லுங்கள், அண்ணே: தேன்மொழி செய்த தப்பு என்ன?